மனம் சோர்ந்து கிடக்கும்போது உடற்பயிற்சியை எப்படித் தொடர்வது?

வெண்மேகம் (இழையைத் தொடங்கியவர்)

சில மாதங்களாகவே மனம் சரியில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், படுக்கிறேன். முன்பெல்லாம் வாரத்தில் பாதி நாட்களுக்கு மேல் ஓடுவேன்; மற்ற நாட்களில் உடற்பயிற்சிக் கூடம். இப்போது உடையை மாற்றிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் காலணியை மாட்டியபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். இன்னொன்று தரையில் கிடக்கும். கைபேசியைப் பார்ப்பேன். இருட்டிவிடும். மாட்டியதைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

நடந்தால் நல்லது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தும் கால் எழவில்லை என்பதுதான் பிரச்சினை. இப்படிப்பட்ட காலத்தைக் கடந்து வந்தவர்கள் என்ன செய்தீர்கள்? ஊக்க வாசகங்கள் மட்டும் வேண்டாம். அவை என் கைபேசியில் நாள்தோறும் தாமாகவே வந்து விழுகின்றன.

கட்டெறும்பு

மனம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எழுந்ததும் முதல் வேலையாகப் போய்விடுங்கள். யோசிக்க இடமே கொடுக்கக் கூடாது. எனக்கும் மனம் சரியில்லாத நாட்கள் வரும், பயிற்சியை விட்டதில்லை. ஒழுக்கம் இருந்தால் போதும்.

அல்லி

கட்டெறும்பு, உங்கள் மனம் நீங்கள் சொன்னபடி கேட்கிறது, நல்லது. சொன்னபடி கேட்காத மனத்தை வைத்துக்கொண்டு ஒருவர் இங்கே வந்திருக்கிறார்.

"ஒழுக்கம் இருந்தால் போதும்" என்று மனச்சோர்வில் இருப்பவரிடம் சொன்னால், "உன்னிடம் ஒழுக்கம் இல்லை" என்றுதான் அவர் காதில் விழும். அதைத்தான் அவரே இரவு பகலாகத் தனக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கு அந்த நாட்களில் பல் துலக்குவதே பெரும்பாடாக இருந்தது. எதிலும் நாட்டமில்லாமை, களைப்பு, அசைவு மந்தமாவது, சின்ன முடிவுகளுக்கும் திணறுவது ஆகியவை மருத்துவர்கள் மனச்சோர்வைக் கண்டறியப் பார்க்கும் அறிகுறிகள். நோய் எதைப் பறித்துக்கொண்டதோ, அதையே கொண்டுவந்தால்தான் குணமாவாய் என்று நோயாளியிடம் கேட்கிறோம்.

வெண்மேகம், எனக்கு உதவிய ஒன்றைச் சொல்கிறேன். உடை மாற்றுவதையே விட்டேன். வேலையிலிருந்து வந்த அதே உடையில், அதே செருப்பில், கைப்பையைக்கூட வைக்காமல் வீட்டைத் தாண்டி நடந்துவிட்டுத் திரும்பினேன். உட்கார்ந்தால் எழ முடியாது என்று தெரியும். அதனால் உட்காரும் இடத்துக்கே போகவில்லை. பார்த்தவர்களுக்கு வீடு மறந்துபோனவள்போல் தெரிந்திருக்கலாம். பரவாயில்லை.

நடுப்பக்கம்

அல்லி செய்ததற்கு உளவியலில் ஒரு பின்னணி உண்டு. 1970களில் பீட்டர் லெவின்சோன் என்ற அமெரிக்க உளவியலாளர் மனச்சோர்வை ஒரு சுழலாக விளக்கினார். மனம் தாழ்ந்ததும் மனிதர் செயல்களைக் குறைக்கிறார். செயல் குறைந்ததும் வாழ்க்கையிலிருந்து கிடைக்கும் சின்னச் சின்ன மகிழ்ச்சியும் நிறைவும் குறைகின்றன. அதனால் மனம் இன்னும் தாழ்கிறது. இந்தச் சுழலை மனத்தின் பக்கமிருந்து வெட்டுவதைவிடச் செயலின் பக்கமிருந்து வெட்டுவது எளிது என்பதுதான் பின்னாளில் "செயலூக்கச் சிகிச்சை" என்று வளர்ந்த முறையின் அடிப்படை. மனம் சரியானதும் நடப்போம் என்று காத்திருக்காமல், கடிகாரம் சொல்லும் நேரத்துக்கு நடப்பது.

கட்டெறும்பு சொன்னதும் கிட்டத்தட்ட இதுதானே என்று தோன்றலாம். வேறுபாடு அளவில் இருக்கிறது. இந்த முறையில் செயலை வெட்டி வெட்டிச் சிறிதாக்கிக்கொண்டே போவார்கள். அரை மணி நேரம் முடியாதா, பத்து நிமிடம். அதுவும் முடியாதா, வாசல்வரை. மிக மோசமான நாளிலும் செய்யக்கூடிய அளவு எதுவோ அதுதான் அன்றைய வேலை.

இன்னொன்றும் செய்யச் சொல்வார்கள்: எழுதிவைப்பது. என் பழைய நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன் (மதிப்பெண் பத்துக்கு):

திங்கள், மாலை 6.10. கிளம்பும் முன் 2. எதிர்பார்ப்பு: இன்னும் மோசமாகும். தெருமுனை வரை. வந்தபின் 3.
செவ்வாய். போகவில்லை. 2.
புதன், மாலை 6.30. முன் 2. எதிர்பார்ப்பு: ஒன்றும் ஆகாது. தெருமுனை, அங்கிருந்து பூங்காக் கதவு. பின் 4. ஒரு நாய் கூடவே வந்தது.
வியாழன், மாலை 6.15. முன் 3. பின் 3.

இரண்டு 3 ஆவதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். "எதிர்பார்ப்பு" என்ற இடத்தைப் பாருங்கள். போனால் இன்னும் மோசமாகும் என்று மனம் அடித்துச் சொல்கிறது. ஒவ்வொரு முறையும் தவறாகச் சொல்கிறது. சோர்ந்த மனத்தோடு வாதாடி வெல்ல முடியாது. அதன் கையெழுத்திலேயே அது தவறியதைக் காட்டினால் கொஞ்சம் வாயடைத்துப்போகும்.

வெண்மேகம்

நடுப்பக்கம், நோட்டுப் பக்கத்துக்கு நன்றி. அந்த "போகவில்லை. 2." என்ற வரி எனக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது.

ஆனால் ஒரு சங்கடம். பத்து கிலோமீட்டர் ஓடியவன் நான். தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தால், நல்லதைச் செய்தோம் என்று தோன்றுவதற்குப் பதில் இவ்வளவுதானா நீ என்று தோன்றுகிறது. போன வாரம் ஒருநாள் வைராக்கியமாக ஓடிப் பார்த்தேன். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வீடு வந்து சேர்ந்தபோது கிளம்பும்போது இருந்ததைவிட மோசமாக இருந்தேன்.

இயன்முறை

நான் உடலியக்க மருத்துவத்தில் இருப்பவள். கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஓட்டத்தைச் சில வாரங்கள் விட்டாலே மூச்சுத்திறன் குறையத் தொடங்கிவிடும். மாதக்கணக்கில் விட்ட பிறகு பழைய வேகத்தில் ஓடினால், உங்கள் இன்றைய உடலுக்கு அது பந்தய வேகம். உடற்பயிற்சியின்போது மனிதர்கள் எப்படி உணர்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் பான்டெலெய்மோன் எக்கெகாகிஸ் என்ற ஆய்வாளர் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார். பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகம் வரை பெரும்பாலோருக்கு இதமாக இருக்கும். மூச்சு முட்டத் தொடங்கும் எல்லையைத் தாண்டினால் அநேகமாக எல்லோருக்கும் அந்த நேரத்தில் மோசமாகவே இருக்கும். நல்ல மனநிலையில் இருப்பவர் அதைச் சகித்துக்கொண்டு, முடித்த பின் கிடைக்கும் நிம்மதிக்காகத் தொடர்வார். மனம் சோர்ந்தவருக்கு, "ஓடினால் துன்பம்" என்பது மட்டும் பதிந்துவிடும். மறுநாள் கால் எழாததில் வியப்பில்லை.

ஆகவே இப்போதைக்கு ஓட்டம் வேண்டாம். முழு வாக்கியங்களாகப் பேச முடிகிற வேகத்தில் நடங்கள். தனியாக நடந்தால் தணிந்த குரலில் எதையாவது சொல்லிப் பாருங்கள். வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். கைக்கடிகாரம் பழைய ஓட்டங்களையும் இன்றையதையும் ஒப்பிட்டுக் காட்டுமானால் அதைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

"இவ்வளவுதானா" என்பதற்கு: உலக சுகாதார நிறுவனம் 2010ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று இருந்தது. 2020ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கம் என்பது பரிந்துரை. ஆனால் எந்த அசைவும் கணக்கில் சேரும், கொஞ்சமும் செய்யாமல் இருப்பதைவிடக் கொஞ்சம் செய்வது மேல் என்பதே இப்போதைய நிலைப்பாடு. 2022ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பரிந்துரைத்த அளவில் பாதியைச் செய்தவர்களுக்கே, எதுவும் செய்யாதவர்களைவிட மனச்சோர்வு வரும் வாய்ப்பு 18 சதவீதம் குறைவாக இருந்தது. முழு அளவைச் செய்தவர்களுக்கு 25 சதவீதம். முதல் பாதியிலேயே பெரும்பங்கு வந்துவிடுகிறது.

சந்தேகி

இயன்முறை சொன்ன 18 சதவீதத்தை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அது மக்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளின் தொகுப்பு. நடப்பதால் மனம் நன்றாக இருக்கிறதா, மனம் நன்றாக இருப்பவர்கள் நடக்கிறார்களா என்பதை அதை மட்டும் வைத்துப் பிரித்துவிட முடியாது. இந்த இழையே அந்தச் சிக்கலுக்குச் சாட்சி.

நேரடிச் சிகிச்சை ஆய்வுகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது, டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழு செய்து 1999ல் வெளியிட்டது. மனச்சோர்வு உள்ள, 50 வயதைத் தாண்டிய 156 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள்: உடற்பயிற்சி மட்டும், செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை மட்டும், இரண்டும் சேர்ந்து. 16 வாரங்களின் முடிவில் மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. இதைப் படித்துவிட்டு "ஓடினால் போதும், மாத்திரை வேண்டாம்" என்று எழுதுகிறவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுவார்கள். தொடக்க வாரங்களில் மாத்திரைக் குழுதான் வேகமாகத் தேறியது. உடற்பயிற்சிக் குழுவோ வீட்டில் தனியாக மனத்தோடு மல்லுக்கட்டவில்லை; வாரம் மூன்று முறை, குறித்த நேரத்தில், மேற்பார்வையாளர் முன்னிலையில், கூட்டமாகச் செய்தது.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2013 தொகுப்பு 39 ஆய்வுகளைப் பார்த்தது. பயன் இருக்கிறது என்றது. தரமான ஆய்வுகளை மட்டும் தனியே கணக்கிட்டபோது அந்தப் பயன் சுருங்கிவிட்டது. 2024ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 218 ஆய்வுகளின் தொகுப்பு வந்தது; நடை, மெதுவோட்டம், யோகா, தசைவலுப் பயிற்சி ஆகியவற்றுக்கு நல்ல பயன் தெரிந்தது. யோகாவையும் தசைவலுப் பயிற்சியையும் பாதியில் விட்டவர்கள் குறைவு என்பது இந்த இழைக்குப் பொருத்தமான செய்தி. அதில் சேர்ந்த ஆய்வுகள் பலவற்றின் தரம் போதாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

உதவும் என்பதை மறுக்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் மாற்று என்பதை மறுக்கிறேன். வெண்மேகம், "சில மாதங்களாக" என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி இரண்டு வாரம் நீடித்தாலே மருத்துவரைப் பார்க்கலாம். பார்த்தீர்களா?

சாய்வுநாற்காலி

சந்தேகி சொன்னதில் எனக்குப் பிடித்தது அந்த "கூட்டமாக" என்ற பகுதி. புள்ளிவிவரம் எனக்குத் தெரியாது. எங்கள் குடியிருப்பில் மேல்மாடியில் ஒருவர் இருக்கிறார். எனக்கு மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். நான் மோசமாக இருந்த காலத்தில் அவரோடு ஓர் ஏற்பாடு. மாலை ஆனதும் "கீழே நிற்கிறேன்" என்று ஒரு செய்தி அனுப்புவார். அவ்வளவுதான். வருகிறாயா என்று கேட்க மாட்டார். கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். ஒரு மனிதர் கீழே நின்றுகொண்டிருக்கிறார் என்றால் இறங்கத்தானே வேண்டும்.

எங்களுக்குள் ஒரு விதியும் உண்டு: எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூடாது. அவர் தன் வண்டியின் சத்தத்தைப் பற்றிப் பேசுவார், நான் கேட்டுக்கொண்டு நடப்பேன். அந்த வண்டி இன்னும் சத்தம் போடுகிறது.

கட்டெறும்பு

என்னை எல்லோரும் ஒரு கை பார்த்துவிட்டீர்கள். சொன்ன கருத்தில் எனக்கு மாற்றமில்லை. அதற்குள் இருக்கும் செயல்முறையை விளக்குகிறேன். நான் காலையில் யோசிப்பதில்லை என்றேனே, முதல் நாள் இரவே யோசித்து முடித்துவிடுவேன். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1999ல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். "நாளை உடற்பயிற்சி செய்வேன்" என்ற தீர்மானம் பலவீனமானது. "இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்" என்று முடிச்சுப் போட்ட தீர்மானம் வலுவானது. வெண்மேகத்துக்கு என்றால்: "பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வீட்டுக்கு எதிர்த்திசையில் முதல் திருப்பம் வரை நடப்பேன்." முடிவெடுப்பதுதானே கடினம் என்றார் அல்லி? அந்த முடிவை, மனம் ஓரளவு தெளிவாக இருக்கும் நேரத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.

அல்லி

இதை முதலிலேயே எழுதியிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன்.

பின்னிரவு

சந்தேகியின் கடைசிக் கேள்வியை அழுத்திச் சொல்ல வந்தேன். எனக்கு ஒழுக்கமும் குறைவில்லை, கூட வருவதற்கு ஆளும் இருந்தது. ஆனாலும் மாடிப்படி ஏறினால் கால் கனக்கும். மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரிந்தது. அதற்குச் சிகிச்சை எடுத்த பிறகுதான் நடையே நடையாயிற்று. இரும்புச்சத்துக் குறைவும் பி12 குறைவும்கூட இதே களைப்பையும் சோர்வையும் தரலாம். "மனம்தான் காரணம்" என்று முடிவு கட்டுவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்கு: நடக்க ஆரம்பித்துவிட்டேன் என்று மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். லித்தியம் (இருமுனை மனநிலைக் கோளாறு போன்றவற்றுக்குத் தரும் மருந்து) எடுப்பவர்கள் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்யும் முன் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறிவிடும்.

நெறியாளர்

ஒரு குறிப்பு. உயிர்வாழ வேண்டாம் என்ற எண்ணம் யாருக்கு வந்தாலும் அது நடைப்பயிற்சிக்குக் காத்திருக்கும் விஷயம் இல்லை. உடனே அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். இழை தொடரலாம்.

கரையோரம்

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல். மனம் தாழ்ந்தபோது நான் பயிற்சியை விடவில்லை, கூட்டினேன். சாப்பிட்டதற்குத் தண்டனை, தூங்கியதற்குத் தண்டனை. காய்ச்சலிலும் ஓடினேன். வெளியிலிருந்து பார்த்தவர்கள் "என்ன ஊக்கம்!" என்று பாராட்டினார்கள். ஒருநாள் விட்டால் பதற்றமாகவும் குற்ற உணர்வாகவும் இருக்கிறதென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இப்போது ஓய்வு நாளை ஆலோசகர்தான் குறித்துத் தருகிறார்.

வெண்மேகம்

எல்லாவற்றையும் படித்தேன். சிலவற்றைச் செய்தும் பார்த்தேன்.

கட்டெறும்பு சொன்ன "முதல் திருப்பம்" எனக்குச் சரிவருகிறது. வீட்டுக்குள் போனால் கதை முடிந்தது என்பதால் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறேன். ஒலிநூல் ஒன்றை நடக்கும்போது மட்டும் கேட்பது என்று வைத்திருக்கிறேன். கொலைகாரன் யார் என்று தெரிந்துகொள்ளவாவது கால் நகர்கிறது. நோட்டு எழுதுகிறேன். மதிப்பெண் போட வரவில்லை, ஒரு சொல் எழுதுகிறேன். நேற்றைய சொல் "பரவாயில்லை".

எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. இடையில் சில நாட்கள் போகவில்லை. உடனே கைபேசிச் செயலி "உங்கள் தொடர்ச்சி அறுந்துவிட்டது" என்று ஒரு உடைந்த சங்கிலிப் படத்தை அனுப்பியது. அதைப் பார்த்ததும் மறுநாளும் போகத் தோன்றவில்லை.

நடுப்பக்கம்

அந்த அறிவிப்பை அணைத்துவிடுங்கள், இப்போதே. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழு பழக்கம் எப்படி உருவாகிறது என்று 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்து 2010ல் வெளியிட்டது. ஒரு செயல் தன்னிச்சையாக வருவதற்கு ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். நடுவே ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. செயலிக்காரர்களுக்கு இது தெரியாது என்றில்லை. நீங்கள் செயலியைத் திறக்க வேண்டும், அவர்களுக்கு அதுதான் கணக்கு.

ஒலிநூல் உத்தி நல்லது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் மில்க்மன் குழு இதையே சோதித்து 2014ல் எழுதியது: சுவையான ஒலிநூலை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டும் கேட்கவைத்தார்கள், வருகை கூடியது. ஆனால் இடையில் நீண்ட விடுமுறை வந்ததும் அந்த வேகம் தேய்ந்துவிட்டது. ஆகவே கொலைகாரன் பிடிபடுவதற்கு முன் அடுத்த நூலை இறக்கி வையுங்கள்.

சந்தேகி

மருத்துவர்?

வெண்மேகம்

வரும் வியாழனுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். பின்னிரவு சொன்ன பரிசோதனைகளைப் பற்றியும் கேட்பேன். நோட்டை எடுத்துப்போகலாம் என்றிருக்கிறேன். நேரில் கேட்டால் எனக்குப் பேச்சு வராது.

மழைமறைவு

புதியவள். இழை முழுவதும் நடையைப் பற்றியே இருக்கிறது. எனக்கு முழங்கால் தேய்மானம், அதிகம் நடந்தால் வீங்கிவிடுகிறது. மனமும் இதே நிலைமைதான். வெளியே போகாமல் செய்யக்கூடியது எதுவும் உண்டா?

இயன்முறை

உண்டு, சகோதரி. சந்தேகி குறிப்பிட்ட 2024 தொகுப்பில் தசைவலுப் பயிற்சிக்கும் நல்ல இடம் இருந்ததே, அதை வீட்டிலேயே செய்யலாம். கைப்பிடி உள்ள, நகராத நாற்காலி ஒன்று போதும். அதில் உட்கார்ந்து, கைப்பிடியை லேசாகப் பற்றி மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்காருங்கள். வலி கூடாத அளவுக்கு, நாலைந்து முறை. நாற்காலி தாழ்வாக இருந்தால் முழங்காலுக்குச் சுமை கூடும்; மேலே ஒரு தலையணை போட்டு உயர்த்துங்கள். அடுத்து, சுவரில் இரு கைகளையும் ஊன்றி, உடலை நேராக வைத்து முழங்கையை மடக்கி நீட்டுங்கள். முடியாத நாளில் உட்கார்ந்தபடியே ஒரு காலை நீட்டி, ஐந்து எண்ணும்வரை வைத்து இறக்குங்கள்.

வாரத்துக்கு இரண்டு நாள் என்று தொடங்கலாம். மறுநாள் காலையில் முழங்கால் வழக்கத்தைவிட வீங்கியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். உங்கள் மூட்டை நேரில் பார்த்த மருத்துவர் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் கணக்கு.

மழைமறைவு

நாற்காலி இருக்கிறது. கைப்பிடிதான் கொஞ்சம் ஆடுகிறது.

இயன்முறை

அப்படியென்றால் அது வேண்டாம். கட்டிலின் ஓரம் போதும், கால் பக்கத்துச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.